நோரா போன அறை

நோராவை உள்ளே கூட்டிக்கொண்டு போய் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், இந்த அறையில் கடிகாரம் இல்லை, வெளியே பாண்டு வாத்தியக்காரர்கள் ஒரு பாட்டை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கியிருக்கிறார்கள், அப்படியானால் ரொம்ப நேரம் ஆகியிருக்காது, ஆனால் அதற்குள் என் இடது கால் ஷூவின் கயிற்றை எத்தனை தரம் அவிழ்த்துக் கட்டிவிட்டேன். இறுக்கினால் பாதம் மரத்துப்போகிறது. தளர்த்தினால் குதிகால் வெளியே வருகிறது. வருஷக்கணக்காக இதே மாதிரி அடியில் ஆணி பதித்த ஓட்ட ஷூவைக் கட்டுகிறவள், ஹார்விக் ஊரின் மேபல் ஓல்ட்ராய்ட், நூறு கஜ ஓட்டத்தில் இந்த வட்டாரத்துக்கே முதல் ஆள், இல்லை, போன வருஷம் வரைக்கும் முதல் ஆள், இன்றைக்கு ஒரு கயிற்றைக் கட்டத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். பார்வையாளர் மேடைக்கு அடியில் இருக்கிற உடை மாற்றும் அறை இது. தலைக்கு மேலே பலகையில் ஜனங்கள் நடக்கிறார்கள், நடக்க நடக்கத் தூசி என் மடியில் விழுகிறது. மற்றப் பெண்கள் எல்லாரும் தடை ஓட்டம் பார்க்கப் போய்விட்டார்கள். போகும்போது ஒருத்தியும் வாய் திறக்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை, பக்கத்து அறைக் கதவைப் பார்க்காமல் இருப்பதற்கு மட்டும் எல்லாரும் ரொம்பச் சிரமப்பட்டார்கள். சாதாரணமாக அந்த அறையில் சுளுக்குக்குத் தைலம் தேய்ப்பார்கள், அந்தக் காரமான வாசனை கதவிடுக்கு வழியாக இங்கே வரைக்கும் வருகிறது. தகுதிச் சுற்று முடிந்து மழையில் நனைந்து நாங்கள் உள்ளே வந்தோம், நோரா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அப்போதுதான் எங்கள் ஓட்டக்காரப் பெண்கள் மன்றத்தின் செயலாளர் மிஸ் ப்ரிங்கிள் வாசலில் வந்து நின்றார். "நோரா, டாக்டர் உன்னைக் கொஞ்சம் பார்க்கணும்னு சொல்றார். சும்மா ஒரு சடங்குக்குத்தான்." நோரா துண்டை இறக்கினாள். "எல்லாரையுமா மிஸ்?" "இல்லம்மா. உன்னை மட்டும்." அவளுக்குப் புரிந்துவிட்டது. கழுத்திலிருந்து மேலே ரத்தம் ஏறியதைப் பார்த்தேன், அப்புறம் அது இறங்கிப் போனதையும் பார்த்தேன். இருந்தும் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "மேபு, என் கோட்டைப் பாத்துக்க." அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதிர் ஆணியில் தொங்குகிறது, பழுப்பு நிறம், முழங்கையில் ஒட்டுப்போட்டது, நான்தான் அந்த ஒட்டைத் தைத்துக் கொடுத்தேன்.

நான் பொய் சொல்லவில்லை. இதை எங்கேயிருந்து எண்ணிப் பார்த்தாலும் இங்கேதான் வந்து நிற்கிறது, நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. போன மாசப் போட்டியில் தேநீர்க் கூடாரத்தில் மிஸ் ப்ரிங்கிள் தன் கையாலேயே எனக்குத் தேநீர் ஊற்றினார். இத்தனை வருஷத்தில் அவர் எனக்குத் தேநீர் ஊற்றியது அதுதான் முதல் தடவை, மில்லில் நூல் சுற்றுகிற பெண்ணுக்கு அவர் எதற்கு ஊற்ற வேண்டும், மன்றத்துப் பெண்கள் கப்பை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்பதுதான் வழக்கம். சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார். நாற்காலியைக் காட்டினார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, வேறொரு கிளப்பின் மேனேஜர் புகார் சொல்லியிருப்பதாகச் சொன்னார், நோராவின் உயரம், நோராவின் குரல், நோராவின் தோள், இதையெல்லாம் பார்த்தால் இவள் பெண்தானா என்று அவருக்குச் சந்தேகமாக இருக்கிறதாம். "எனக்கு இந்த மாதிரிப் பேச்சே பிடிக்காது மேபல். ஆனா நீங்க ரெண்டு பேரும் ஒரே அறையில தங்கியிருக்கீங்க இல்லையா. ஏதாவது வித்தியாசமா உன் கண்ணுல பட்டிருக்கா?" கூடாரத்துக்கு வெளியே நோரா நின்றுகொண்டிருந்தாள், யாரோ சொன்ன வேடிக்கைக்குத் தலையைப் பின்னால் சாய்த்து அந்தக் கனத்த குரலில் சிரித்தாள், அந்தச் சிரிப்பு எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. நான் தேநீரைக் கலக்கினேன். "அவ எப்பவும் சுவத்தைப் பாத்துத்தான் துணி மாத்துவா மிஸ்" என்றேன். அவ்வளவுதான். "எங்க கூடக் குளிக்க வரமாட்டா." அதையும் சொன்னேன். இரண்டும் உண்மை. மன்றத்தில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பாள், வேறு ஒருத்தி இரண்டு நாளில் சொல்லித்தான் இருப்பாள். மிஸ் ப்ரிங்கிள் "அப்படியா" என்றார். கேக் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன். சாப்பிட்டேன். திராட்சை போட்ட கேக். நன்றாக இருந்தது, அதுதான் இப்போது தொண்டையில் வந்து நிற்கிறது, அது நன்றாக இருந்தது என்பது.

முதன்முதலில் ஓடிய நாளை நினைத்துக்கொள்கிறேன். ஜெர்மனியோடு நடந்த சண்டை முடிந்து மூன்றோ நாலோ வருஷம் ஆகியிருந்தது. மில் முதலாளி தொழிலாளர்களுக்கு விளையாட்டு நாள் வைத்தார், பெண்களுக்குச் சாக்கு ஓட்டம், கரண்டியில் முட்டை வைத்து ஓடுவது, கடைசியாக ஒரே ஒரு நிஜமான ஓட்டம். கழுத்துவரைக்கும் பஞ்சு ஒட்டின ஏப்ரனோடு ஓடினேன். ஓடின தூரம் முழுக்க யாருமே என் பக்கத்தில் இல்லாதது எனக்கு ஏதோ தப்பு செய்துவிட்டது மாதிரி இருந்தது, துப்பாக்கி வெடிக்கும் முன்னாலேயே கிளம்பிவிட்டேனோ என்று பயந்து கோட்டைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். வீட்டில் அப்பா ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தார், பிரான்சில் விஷப்புகை குடித்த நுரையீரலோடு வந்தவர் அந்த ஜன்னலை விட்டு நகரவே இல்லை, நான் பரிசுக் கோப்பையைக் காட்டியதும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பக்கத்துல யார் வர்றாங்கன்னு பாக்காத" என்றார், இருமல் விட்ட இடைவெளியில். "பாத்தா வேகம் போயிடும்." அம்மாவுக்கு வேறு கவலை. "கால் தெரிய ஓடறதப் பாக்கத்தான் அத்தனை ஆம்பளைங்களும் வர்றானுங்க. அவனுங்களுக்கு ஓட்டமா முக்கியம்" என்று பாத்திரத்தை வேகமாகத் தேய்ப்பாள், ஆனால் பத்திரிகையில் என் படம் வந்த அன்று அதைக் கத்தரித்து அடுப்பு மேடைக்கு மேலே ஒட்டினவளும் அவள்தான். ஹார்விக்கின் மின்னல் என்று போட்டிருந்தார்கள். லண்டனில் ஓடினேன். பாரிஸில் ஓடினேன், அங்கே ஓடுபாதை ஓரத்தில் ஒரு கிழவர் எனக்கு மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார், எங்கள் ஊரில் மில் ஓவர்சியர்கூட எனக்குத் தொப்பியைக் கழற்றமாட்டார். திங்கட்கிழமை காலையில் மறுபடியும் மில், காதை அடைக்கும் சத்தம், நூல் பாபின் மாற்றுகிற விரல்கள், எதிர் வரிசைப் பெண்கள் சத்தத்துக்கு நடுவே வாயை மட்டும் அசைத்து ஜெயிச்சியா என்று கேட்பார்கள். நான் தலையை ஆட்டுவேன். வருஷம் வருஷமாக அந்தக் கேள்விக்குத் தலையை மேலும் கீழும் ஆட்டியே பழகிவிட்டேன். போன வசந்தத்தில் முதல் தடவையாக இடம் வலமாக ஆட்ட வேண்டியிருந்தது.

நோரா ஸ்கல்லி அந்த வசந்தப் போட்டிக்குத்தான் முதன்முதலில் வந்தாள். சலவைக்கூடத்தில் வேலை, கைகள் எப்போதும் வெந்து சிவந்திருக்கும், கதவில் நுழையும்போது தலையைக் குனிகிற பழக்கம், குனியத் தேவையில்லாத கதவிலும் குனிவாள். ஆணி ஷூ இல்லை. யாருடையதையோ கடன் வாங்கி, அளவு சேராமல் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். எனக்கு அடுத்த தடம். துப்பாக்கி வெடித்ததும் வழக்கம்போல நான் முன்னால், என்னைவிட வேகமாகக் கோட்டை விட்டுக் கிளம்புகிறவள் இந்தப் பக்கத்தில் கிடையாது, எல்லாரும் சொல்வார்கள், மேபல் சத்தத்தைக் கேட்டு ஓடவில்லை, துப்பாக்கிக்காரன் விரலைப் பார்த்து ஓடுகிறாள் என்று. பாதித் தூரம் வரைக்கும் நான் மட்டும்தான். அப்புறம் பக்கத்தில் ஒரு மூச்சுச் சத்தம். அவசரமே இல்லாத மூச்சு. நான் பக்கத்தில் பார்த்தேன். அப்பா அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார், பார்த்ததற்கு யாரும் திட்டப்போவதில்லை. என்னைத் தாண்டிப் போனவள் கோட்டைக் கடந்ததும் ஏதோ உடைத்துவிட்டவள் மாதிரி திகைத்து நின்று, என்னிடம் ஓடி வந்தாள். "உங்க படத்தை எங்க சலவைக்கூடத்துல ஒட்டி வச்சிருக்கேன்" என்றாள். அவளை வெறுத்திருக்கலாம், எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். முடியவில்லை. ஒரு மாசத்துக்குள் உங்க என்பது உன் ஆனது, மேபல் என்பது மேபு ஆனது. குளிர்காலத்தில் கால்வாய்க் கரையில் நான் கணுக்கால் பிசகி விழுந்தபோது என்னை முதுகில் தூக்கிக்கொண்டு மருத்துவர் வீடுவரைக்கும் நடந்தாள், வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள், எனக்கு வலி தெரியக்கூடாதென்று. மேட்டில் ஏறும்போதுகூட அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. அவள் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு நான் அதைத்தான் கவனித்தேன், இவளுக்கு மூச்சு வாங்கவில்லை, இவளை என்னால் இனி எந்த நாளும் ஜெயிக்க முடியாது. சுமந்துகொண்டு போகிறவளைப் பற்றி அப்படி நினைத்தேன். அன்றைக்கே தொடங்கிவிட்டதோ என்னவோ.

மேடையிலிருந்து ஆம்பளைகள் கத்துவார்கள். "சவரம் பண்ணிட்டு வந்தியா?" என்று ஒருத்தன் கேட்டான் ஒரு தடவை, கூட்டம் சிரித்தது, நோராவும் திரும்பி அவனைப் பார்த்துக் கையாட்டினாள். அவளுக்கு உறைக்கவில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். கடலோர ஊரில் நடந்த போட்டிக்குப் போனபோது விடுதியில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே கட்டில். காலையில் நான் விழித்தபோது அவள் ஜன்னல் பக்கம் நின்று சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தாள், சுவரைப் பார்த்தபடி. நான் வேடிக்கையாகச் சொன்னேன், "என்னடி, நான் பாத்துட்டா என்ன ஆயிடும்." அவள் கை நின்றுவிட்டது. அப்புறம் திரும்பினாள். சட்டையைத் திறந்து காட்டினாள். கழுத்தெலும்புக்குக் கீழே தொடங்கி இடுப்புவரைக்கும் தோல் சுருண்டு, மெழுகு உருகிப் படிந்தது மாதிரி, வெள்ளையும் சிவப்புமாக. ஒரு பக்கம் மார்பே இல்லை. இன்னொரு பக்கத்தில் பேருக்கு ஏதோ இருந்தது. அவளுடைய அம்மாவும் சலவைக்காரி, நோரா குழந்தையாக இருந்தபோது துணி அவிக்கிற அண்டா கவிழ்ந்து மேலே கொட்டிவிட்டதாம். "அம்மா அப்புறம் என்னைக் குளிப்பாட்டவே இல்ல. கண்ணை மூடிக்கிட்டு அக்காகிட்ட குடுத்துடுவா" என்றாள். குரலில் அழுகை இல்லை. "உனக்குத்தான் முதல்ல காட்டறேன் மேபு. எந்த ஆம்பளையும் என்னைக் கட்டிக்கப் போறதில்ல, அதனால வேற யாரும் பாக்கப் போறதும் இல்ல. நீ மட்டும் தெரிஞ்சு வச்சுக்க." நான் எழுந்து போய் அவள் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டேன். நிஜமாகவே போட்டுவிட்டேன், என் கண்ணில் நீர் வந்தது, அது நடிப்பில்லை. அந்தக் கைதான் அப்புறம் தேநீரைக் கலக்கியது. அவள் ஏன் சுவரைப் பார்த்துத் துணி மாற்றுகிறாள் என்று உலகத்திலேயே தெரிந்த ஒரே ஆள் நான். அந்தப் பாதியை நான் சொல்லவில்லை. ரகசியம் என்பதால் சொல்லவில்லை என்று இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டேன். ரகசியத்தைக் காப்பாற்றுகிறவள் முன்பாதியையும் சொல்லாமல் இருந்திருப்பாள்.

இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை, எழுந்து நாலடி வைத்தால் கதவு. தட்டலாம். டாக்டர், அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள், எனக்குத் தெரியும், நான் பார்த்திருக்கிறேன், அது வெந்நீர் பட்ட தழும்பு. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். எழுந்தேன். உட்கார்ந்தேன். சொன்னால் மிஸ் ப்ரிங்கிள் என்னைப் பார்ப்பார், அன்றைக்கு ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்பார், அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் இருக்கிறது, அந்தப் பதிலைச் சொல்ல முடியாது. இந்த இறுதி ஓட்டத்தில் ஜெயிக்கிறவள்தான் பெல்ஜியத்தில் நடக்கிற சர்வதேசப் போட்டிக்கு நூறு கஜத்தில் ஓடப் போவாள். ஒரே ஒருத்தி. மற்றவர்களுக்குத் தொடரோட்டத்தில் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அடுத்த வருஷம் என் முழங்கால் தாங்காது, இப்போதே படியிறங்கும்போது பிடித்துக்கொள்கிறது, என்னோடு தொடங்கினவர்கள் எல்லாரும் கல்யாணம் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள், மில்லில் புதிதாக வந்த பெண்களுக்கு நான் ஓடுகிறவள் என்பதே தெரியாது. இன்னும் ஒரே ஒரு தடவை கப்பலில் போக வேண்டும். ஒரு தடவை ஒருத்தர் எனக்குத் தொப்பியைக் கழற்ற வேண்டும். இதெல்லாம் ஒரு காரணமா. உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. டாக்டரின் குரல், சலிப்போடு, ஏதோ சொன்னது. நோராவின் குரல் கேட்டது, இல்ல, முடியாது, என்று மட்டும் தெளிவாகக் கேட்டது. வெளியே பாண்டுச் சத்தம் நின்றிருந்தது. கதவு திறந்தது.

மிஸ் ப்ரிங்கிள் பாதி வெளியே வந்து கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்திருந்தது, அவருக்கும் இது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. "மேபல், ஒரு நிமிஷம். துணியை எடுக்க மாட்டேங்கறா. மேபல்கிட்ட கேளுங்க, மேபல் பாத்திருக்கா, அவ சொல்லுவான்னு அதையே சொல்லிட்டு இருக்கா. நீ பாத்திருக்கியா?" அவர் தோளுக்குப் பின்னால் நோரா நின்றிருந்தாள். இரண்டு கையாலும் பனியனின் கழுத்தைக் கூட்டிப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்தாள். பயமே இல்லாமல் பார்த்தாள், அதுதான், இனி எல்லாம் சரியாகிவிடும் என்கிற மாதிரி பார்த்தாள். பாத்திருக்கேன் மிஸ், வெந்த தழும்பு, வேற ஒண்ணும் இல்ல. வாயில் வந்துவிட்டது. இருந்தும் நான் நின்றேன். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம், அதற்கு மேல் இல்லை. அந்த நேரத்துக்குள் அவள் இல்லாத ஓடுபாதையைப் பார்த்தேன், எனக்கு முன்னால் யாருமே இல்லாத தடத்தைப் பார்த்தேன். துப்பாக்கிக்காரன் விரலைப் பார்த்து ஓடுகிறவள் இந்தத் தடவை தாமதமாகக் கிளம்பினேன். "பாத்திருக்கேன்" என்றேன். "வெந்த தழும்பு மிஸ். சின்ன வயசுல வெந்நீர் கொட்டினது. அதுக்குத்தான் மறைக்கறா. அவ பொண்ணுதான், எனக்குத் தெரியும்." மிஸ் ப்ரிங்கிள் என்னையே பார்த்தார். "அப்ப அன்னிக்குக் கூடாரத்துல நீ" என்று தொடங்கி, பின்னால் நோரா நிற்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். நிறுத்தியது போதவில்லை, நோராவுக்குக் கேட்டுவிட்டது. நோராவின் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வந்திருந்தால் தேவலை. அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்தாள், தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்கிறவள் மாதிரி. அப்புறம் பனியனைப் பிடித்திருந்த கைகள் மெதுவாகக் கீழே இறங்கின. உள்ளேயிருந்து டாக்டர், "சிநேகிதி சொல்றதை வச்சு நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார். "வேண்டாம் மிஸ்" என்றாள் நோரா. "அவ சொல்ல வேண்டாம். நானே காட்டறேன்." கதவை அவளேதான் சாத்தினாள்.

எவ்வளவு நேரம் என்று இப்போதும் தெரியவில்லை. கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னது இந்தக் கோட்டைத்தான் என்று ஒரு முட்டாள்தனமான நினைப்பு ஓடியது, அதையாவது சரியாகச் செய்கிறேன் என்று. மிஸ் ப்ரிங்கிள்தான் முதலில் வந்தார், கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எல்லாம் சரியா இருக்கு. அவ ஓடலாம். பாவம், இப்படின்னு தெரிஞ்சிருந்தா" என்றார், முடிக்கவில்லை, முடிக்காமல் என்னைத் தாண்டிப் போனார். அதற்குள் மற்றப் பெண்கள் தடை ஓட்டம் முடிந்து பேசிச் சிரித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள், நுழைந்ததும் பேச்சு நின்றது. நோரா வந்தாள். நேராகத் தன் ஆணிக்குப் போனாள். இறுதி ஓட்டத்துக்கு வேறு பனியன் எடுத்தாள், நனைந்ததைக் கழற்ற வேண்டும், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பக் காத்திருந்தேன். அவள் திரும்பவில்லை. அறையைப் பார்த்து, எங்கள் எல்லாரையும் பார்த்து நின்றுகொண்டு, பனியனைத் தலைக்கு மேலே உருவினாள். கூரைக்குப் பக்கத்திலிருந்த சின்ன ஜன்னலின் வெளிச்சம் முழுக்க அவள் மேல் விழுந்தது. யாரோ ஒருத்தி ஐயோ என்று முனகினாள். நோரா அவசரப்படவில்லை. உலர்ந்த பனியனை உதறி, எது முன்பக்கம் என்று பார்த்து, மாட்டிக்கொண்டு, கீழே இழுத்துவிட்டாள். அவள் என்னைக் குறிப்பாகப் பார்க்கவில்லை. ஒரு பெஞ்சைப் பார்ப்பது மாதிரி, ஒரு வாளியைப் பார்ப்பது மாதிரி, என்மேலும் பார்வை பட்டுப் போனது. "நோரா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் குனிந்து ஷூக் கயிற்றை ஒரே தடவையில் கட்டினாள்.

வெளியே மழை விட்டிருந்தது. கரித்தூள் போட்ட ஓடுபாதை நனைந்து கறுத்திருந்தது, அங்கங்கே தண்ணீர் தேங்கி வானம் தெரிந்தது. தொடக்கக் கோட்டில் கால் ஊன்றக் குழி தோண்ட வேண்டும், கொத்தனார் வைத்திருக்கிற மாதிரி சின்னக் கரணையை ஒவ்வொருத்தராகக் கை மாற்றுகிறோம், எனக்கு அடுத்து நோரா, கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள், கரணைப் பிடியில் என் கை பட்ட இடத்தைத் தொடாமல் வாங்கிக்கொண்டாள் என்று தோன்றியது, அப்படி இருக்காது, பிடியே அவ்வளவு சின்னது. வேண்டுமென்றே பின்தங்கிவிடலாமா என்று நினைத்தேன். அவளுக்கு அது தேவையே இல்லை, நான் முழு மூச்சாக ஓடினாலும் அவள்தான் ஜெயிப்பாள், விட்டுக்கொடுப்பதற்குக்கூட என்னிடம் ஒன்றும் இல்லை. குனிந்தோம். விரல் நுனியில் ஈரக் கரி குத்தியது. வெடித்தது. நான் முன்னால். முதல் அடியிலிருந்தே முன்னால், கால் அதன் வேலையைச் செய்தது, காலுக்கு ஒன்றும் தெரியாது. மேடையிலிருந்து என் பெயரைக் கத்தினார்கள், பழைய ஆட்கள், இன்னும் சில பேருக்கு ஞாபகம் இருந்தது. பாதித் தூரத்தில் அந்த மூச்சு வரும் என்று காத்திருந்தேன். வந்தது. இந்தத் தடவை அது அவசரமில்லாத மூச்சு இல்லை, ஒவ்வொரு அடிக்கும் எதையோ பிய்த்துப் போடுகிற மாதிரி வந்தது, அழுகையா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. என்னைத் தாண்டினாள். தாண்டினவள் கோட்டிலும் நிற்கவில்லை. முடிவில் கட்டியிருந்த கயிற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு அப்படியே ஓடினாள், வளைவுவரைக்கும் ஓடி, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு. கூட்டம் கை தட்டியது. அவளைக் கேலி செய்கிறவர்களும் தட்டினார்கள்.

நான் இரண்டாவது. பெல்ஜியத்துக்கு நூறு கஜத்தில் நோரா, தொடரோட்டத்துக்கு எங்கள் நாலு பேர் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், மூன்றாவதாக ஓடுவது மேபல் ஓல்ட்ராய்ட், கடைசி ஓட்டம் நோரா ஸ்கல்லி. அப்படியானால் என் கையிலிருக்கிற தடியை அவள் கையில் கொடுக்க வேண்டியவள் நான்தான். கப்பலில் ஒன்றாகப் போக வேண்டும், ஒரே மேஜையில் சாப்பிட வேண்டும், காலையும் மாலையும் அந்தக் கைமாற்றத்தைப் பழக வேண்டும். கேட்டதும் சந்தோஷம் வந்தது. வெட்கமில்லாமல் வந்தது, கப்பல் என்ற சொல்லுக்கே வந்துவிட்டது, அதை அடக்க முடியவில்லை. நோரா வேலியிலிருந்து நடந்து வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள். ஓட்டம் முடிந்ததும் தோற்றவர்களிடம் கை கொடுப்பது மன்றத்தின் வழக்கம், அவள் ஒவ்வொருத்தியாகக் கை கொடுத்துக்கொண்டு வந்தாள், என்னிடமும் நீட்டினாள். சலவைக்கூடத்துக் கை, சூடாக இருந்தது. "நல்லா ஓடினீங்க, மிஸ் ஓல்ட்ராய்ட்" என்றாள். குரலில் ஒரு முள்கூட இல்லை. தெருவில் பார்க்கிற யாரோ ஒரு மனுஷியிடம் பேசுகிற மரியாதை. நான் "நீ" என்று தொடங்கினேன், அந்தச் சொல் வாயில் பெரிதாகிவிட்டது, "நீங்களும்" என்றேன். அவள் தலையை அசைத்தாள். பத்திரிகைக்காரர் ஒருத்தர் ஓடி வந்தார், தொடரோட்டப் பெண்கள் தடி மாற்றுவது மாதிரி ஒரு படம் வேண்டுமாம், வெளிச்சம் போவதற்குள் எடுக்க வேண்டுமாம். யாரோ என் கையில் தடியைத் திணித்தார்கள். நோரா தூரத்தில் போய் நின்றாள், எனக்கு முதுகைக் காட்டி, வலது கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்து வைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் வாங்கத்தான் மன்றத் தொடரோட்டத்துக்காக நாங்கள் இத்தனை மாசமாகப் பழகியிருந்தோம். "வாங்க" என்றாள். நான் ஓடினேன்.